நடைபாதையில் இரண்டு நாற்காலிகள்

ஆர்டிஸ் டோலெஃப்ஸன் பொது இடத்தில் நாற்காலி விரிக்காதவள். அவளைப்போல வண்டியிலேயே வாழ்ந்து ஊர் ஊராகப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பெரிய கடையின் கார் நிறுத்துமிடமோ, நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடமோ, எங்கே இரவு தங்கினாலும் அவள் ஒரு முறை வைத்திருந்தாள். பொழுது சாய்ந்த பிறகு போய் ஓரமாக நிறுத்த வேண்டும். வண்டியின் பக்கச் சுவரை வெளியே தள்ளி உள்ளே இடத்தைப் பெரிதாக்கக் கூடாது. வெயில் துணியை இழுத்து விரிக்கக் கூடாது. வண்டியை மட்டமாக நிறுத்துவதற்கு அடியில் இருக்கும் இரும்புக் கால்களை இறக்கவே கூடாது. கடைக்குள் போய் ஒரு ரொட்டியாவது வாங்க வேண்டும். விடிந்து கிளம்பும்போது அடுத்தவன் போட்ட குப்பையையும் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

"நாம முகாம் போடல, வண்டிய நிறுத்தியிருக்கோம்," என்பாள். "நாற்காலிய எடுத்து வெளிய போட்டாத்தான் முகாம்."

அவள் கணவன் லோவெல் வாதாட மாட்டான். மாலைக் காற்று நன்றாக இருக்கும் நாட்களில் மட்டும், மடக்கி வைத்த நாற்காலிகளை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விடுவான். அவளுக்குக் கேட்கும்படியாகத்தான் விடுவான்.

இருவரும் மினசோட்டாக்காரர்கள். லோவெல் பால் பண்ணைகளில் குளிர்பதன இயந்திரங்களைப் பழுதுபார்த்தான். ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அந்த ஊர்ப் பக்கம் பண்ணை வீடுகள் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். பனி கொட்டும் நாளில் பிள்ளையை இறக்கிவிட்டு, வீட்டுக் கதவு திறந்து உள்ளே ஆள் நிற்பது தெரியும்வரை அவள் பேருந்தை நகர்த்த மாட்டாள். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். எவனாவது ஹாரன் அடிப்பான். அவள் கண்ணாடியில் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டபோது, ஹாரன் அடித்தால் கதவு சீக்கிரம் திறக்குமா என்று திருப்பிக் கேட்டாளாம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் இல்லை. வேலை ஓய்ந்ததும் வீட்டை விற்று ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கினார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் நீளமான வண்டி. அதற்கு டோரிஸ் என்று பெயர் வைத்தது லோவெல். எவ்வளவு ஊற்றினாலும் குடிப்பாள், மேடு ஏறும்போது முனகுவாள், அப்படியே தன் டோரிஸ் அத்தை என்றான். குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனம். கோடையில் ஏதாவது ஒரு பூங்காவில் முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அதற்கு ஈடாக மின்சாரத்தோடு ஓர் இடம். டோரிஸைத் தவிர அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. சவுத் டகோட்டாவில் ஒரு முகவரி உண்டு. வண்டியில் வாழ்கிற ஆயிரக்கணக்கானோர் செய்வதுபோல, ஓட்டுநர் உரிமத்துக்கும் தபாலுக்குமாக எடுத்து வைத்த பெட்டி அது. அந்த ஊரில் அவர்கள் ஒரே ஓர் இரவுதான் தூங்கியிருக்கிறார்கள்.

ஆரிகனில் ஆற்றோரம் இருக்கும் ஆல்டர் பெண்ட் என்ற சிற்றூரில் இரண்டு கோடைகள் அந்த வேலை பார்த்தார்கள். கழிப்பறை கழுவுவது, விறகு விற்பது, தங்கும் கெடு முடிந்தவர்களின் கண்ணாடியைத் தட்டிக் கிளம்பச் சொல்வது. தட்டும் வேலை ஆர்டிஸுடையது. லோவெலுக்கு அது வராது. தட்டப் போனால் காபி குடித்துவிட்டு வருவான்.

இரண்டாவது கோடையில் ஊர் மன்றத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஆற்றங்கரையில் கூடாரங்கள் பெருகிவிட்டன, பொது இடத்தில் யாரும் முகாமிடக் கூடாது என்று சட்டம் போட வேண்டும் என்றார்கள். ஆர்டிஸ் எழுந்து பேசினாள். நாங்களும் பொது இடத்தில் தங்குகிறவர்கள்தான், எங்களுக்கு ஒழுங்கு இருக்கிறது, அவர்களால் எங்கள் பெயரும் கெடுகிறது என்றாள். நன்றாகக் கைதட்டினார்கள். லோவெல் கைதட்டவில்லை. வெளியே வந்து டோரிஸில் ஏறும்போது, "அந்தச் சட்டத்துல சக்கரம் இருக்கா இல்லையான்னு எழுதியிருக்கா, ஆர்டி?" என்று மட்டும் கேட்டான். நமக்கில்லை அது என்றாள் அவள்.

அடுத்த ஆண்டு அக்டோபரில், அரிசோனாவுக்குப் போகிற வழியில், அதே ஆல்டர் பெண்டில் சமையல் வாயு நிரப்ப நிறுத்தினார்கள். லோவெல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான்.

மூளையில் ரத்தக் கட்டு. வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இரண்டாவது கட்டும் வந்த பிறகு மருத்துவர் ஆர்டிஸை உட்காரவைத்துச் சொன்னார். இனித் தேற மாட்டார். வேறு ஊருக்குக் கொண்டுபோகிற நிலையிலும் இல்லை. இருக்கும்வரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அவள் தலையை ஆட்டிவிட்டு, அவனுக்கு எது வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். பக்கத்தில் இருங்கள், தெரியும் என்றார்.

பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் வண்டி பக்கத்தில் இல்லை. மருத்துவமனையின் சொந்த இடத்தில் இரவு வண்டிகள் நிற்கக் கூடாது. ஊருக்கு வெளியே வீட்டு வண்டிகள் கட்டணம் கட்டித் தங்கும் மைதானம் ஒன்று உண்டு. பத்து வருடத்துக்கு மேல் வயதான வண்டியை உள்ளே விடுவதில்லை என்று அங்கே ஒரு விதி. டோரிஸைப் பார்த்ததுமே அங்கிருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். ஆகவே ஆர்டிஸ் ஊர்க்கோடியில் ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்து போனாள்.

அந்த நாட்களில் லோவெல் பட்ட பாடு சொல்லி முடியாது. இடது கையால் குழாய்களைப் பிடுங்குவான். படுக்கையிலிருந்து இறங்கப் பார்ப்பான். ஜன்னலைக் காட்டிக் காட்டி ஏதோ முனகுவான். வெளிச்சம் வேண்டுமா, திரை வேண்டாமா என்று செவிலி மாரிபெல் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். ஆர்டிஸுக்குத்தான் பிடிபட்டது. அவன் அறை தரைத்தளத்தில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே புல்தரை, அதற்கப்பால் சீடர் தெரு. அவன் தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே டோரிஸைக் கொண்டுவந்து சீடர் தெருவில், ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தினாள். அடுப்புக்கு மேலே இருக்கும் மஞ்சள் விளக்கைப் போட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது லோவெல் தலையணையில் முகத்தைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வண்டிச் சாவியை அவன் இடது கையில் வைத்தாள். தூண்டிலில் கட்டும் பழைய தக்கை கோத்த சாவி. பழைய வழக்கமாக, ஓட்டுவது அவள் என்றாலும் சாவி இருப்பது அவன் சட்டைப் பையில்தான். விரல்கள் மூடிக்கொண்டன. அதன் பிறகு அவன் குழாய்களைத் தொடவில்லை.

அவன் கண்மூடும்வரை டோரிஸ் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆர்டிஸ் அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை.

முதல் வாரம் அவள் தன் முறையெல்லாம் ஒன்று விடாமல் கடைப்பிடித்தாள். பக்கச் சுவர் உள்ளே. துணி சுருட்டியபடி. இரும்புக் கால்கள் மேலே. நாற்காலிகள் அடி அறையில். காலையில் நடைபாதை ஓரத்துக் குப்பையைப் பொறுக்கினாள். கதவைத் தட்டிய போலீஸ்காரன் டேட்டம் இளைஞன். சொல்ல வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டான். தெருவில் வண்டியில் தூங்குவது புதுச் சட்டப்படி தப்பு என்றான். அவள் ஜன்னலைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவன் ஜன்னலைப் பார்த்தான், டோரிஸின் துடைத்த கண்ணாடிகளைப் பார்த்தான், அவள் கையிலிருந்த குப்பைப் பையைப் பார்த்தான்.

"நீங்க டிராவலர் மேடம். இந்தச் சட்டம் உங்கள மாதிரி ஆளுங்களுக்குப் போட்டது இல்ல. நான் ஒண்ணும் பாக்கல," என்றான்.

அவள் நன்றி சொன்னாள். அவன் பின்னால் நின்ற வண்டிக்குப் போனான். ரொட்டிக் கடைக்காரன் ஒருவன் கழித்துக் கட்டிய பழைய வேன் அது. அதன் கண்ணாடியைத் தட்டும் சத்தம் இவளுக்கு நன்றாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேன் இருமியபடி கிளம்பிப் போனது.

அதில் இருந்தவன் ராய்ஸ். மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. லோவெலின் படுக்கை விரிப்பெல்லாம் அவன் கை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. வாடகை ஏறியதிலிருந்து வேனில் தூங்குகிறான். மறுநாள் மருத்துவமனை காபி வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவன் தானே பேச்சை எடுத்தான். முகத்தில் கோபம் இல்லை, வேடிக்கை பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"என்னை ஞாபகம் இருக்கா? பூங்காவுல ஒரு நாள் என் கண்ணாடியத் தட்டினீங்க."

அவளுக்கு ஞாபகம் இல்லை. தட்டிய கண்ணாடிகள் எத்தனையோ.

"சிரிச்சுக்கிட்டே தட்டினீங்க, நான் குறை சொல்லல. உங்க வீட்டுக்காரர் முந்தின நாளே வந்து, நாளைக்கு என் பொண்டாட்டி வருவா, அதுக்குள்ள கெளம்பிடு, இல்லன்னா குப்பை பொறுக்க வச்சிருவான்னு சொல்லிட்டுப் போனாரு. நல்ல மனுஷன். இப்ப எப்படி இருக்காரு?"

ஆர்டிஸ் எப்படி இருக்கிறான் என்று சொன்னாள். பிறகு, முந்தின நாள் போலீஸ்காரன் அவனைக் கிளப்பிவிட்டபோது தான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று மென்று விழுங்கினாள்.

"என்னத்த சொல்லுவீங்க," என்றான் ராய்ஸ். "ரெண்டு பேரும் ஒரே தெருவுலதான் தூங்கினோம். உங்களுக்கு டிராவலர்னு பேரு. எனக்கு வேற பேரு. அவ்வளவுதான விஷயம்."

காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் தன்னுடையதை எடுக்க மறந்து அறைக்கு வந்தாள்.

தெருவில் வீடு வைத்திருந்த யாரோ ஊர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டார்கள். ஒருவனைத் துரத்திவிட்டு ஒருத்தியை விட்டுவைப்பது என்ன நியாயம் என்று. கேள்வியில் தப்பில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு வேண்டியது அவளையும் துரத்துவதுதான். டேட்டம் மறுபடி வந்தபோது கையில் அபராதச் சீட்டு இருந்தது. நீதிமன்றத்துக்கு வர வேண்டும், அதற்குள் வண்டியை எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போக நேரும் என்றான்.

ஆர்டிஸ் அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சண்டை போடுகிற குரலில் அவள் பேசவில்லை. பேருந்தில் பின் இருக்கையில் கூத்தடிக்கும் பையனைக் கூப்பிட்டுக் கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

"முகாம்னா என்னன்னு எழுதியிருக்கு?"

"தூங்கறதுக்குப் படுக்கை இருக்கற இடம் மேடம். கூடாரமோ, வண்டியோ."

"இந்தப் படுக்கை போல்ட் போட்டு இறுக்கினது. நான் நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தாலும் முகாமா?"

"அப்படித்தான் ஆகுது."

"வெயில் துணி? நாற்காலி? அதெல்லாம் வெளிய இருந்தாத்தான?"

டேட்டம் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பையன். "நாற்காலியப் பத்தி ஒண்ணுமே இல்லையே மேடம்," என்றான்.

அவன் போன பிறகு அவள் எண்ணிப் பார்த்தாள். எத்தனை ஆண்டுகள், எத்தனை ஊர்கள், எத்தனை அருமையான சாயங்காலங்கள். லோவெல் விட்ட பெருமூச்சுகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. நாற்காலியை உள்ளே வைத்திருந்ததால்தான் தாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று நினைத்திருந்தாள். அப்படி ஓர் எல்லைக்கோட்டை அவளைத் தவிர யாருமே போட்டிருக்கவில்லை.

எழுந்தாள். பக்கச் சுவரை வெளியே தள்ளினாள். பொத்தானை அழுத்தி நான்கு இரும்புக் கால்களையும் இறக்கினாள். டோரிஸ் முனகிக்கொண்டு தரையில் ஊன்றி நின்றாள். பச்சையும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட வெயில் துணியை நடைபாதைக்கு மேலே இழுத்து விரித்தாள். அடி அறையைத் திறந்து நாற்காலிகளை எடுத்துப் பட்டப்பகலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஒன்றில் தான் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

மாரிபெல் பிறகு சொன்னாள். நோயாளியின் தலையை உயர்த்திப் பிடித்து, அங்கே பாருங்க என்று காட்டினாளாம். இரண்டு நாற்காலிகளையும் பார்த்துவிட்டு லோவெலின் பாதி உதடு மேலே போனதாம். தொண்டையில் ஒரு சத்தம் வந்ததாம். மூச்சுத் திணறுகிறதோ என்று இவள் பயந்துவிட்டாள். சிரிப்பு அது.

நீதிமன்றம் நடந்தது ஊர் மன்றத்தின் அதே கூடத்தில். போன வருஷக் கோடையில் அவள் கைதட்டு வாங்கிய இடத்துக்கு இரண்டடி தள்ளித்தான் நிற்க வைத்தார்கள். நீதிபதி நரைத்த தலைப் பெண்மணி, பொறுமையானவர். காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இதை முடித்துவிடலாம் என்ற எண்ணம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

"மிஸஸ் டோலெஃப்ஸன், உங்களுக்கு சவுத் டகோட்டாவுல நிரந்தர முகவரி இருக்கு. அப்ப நீங்க வீடில்லாதவங்க கிடையாது, வழிப்பயணி. அத மட்டும் சொல்லுங்க, நான் இதத் தள்ளுபடி பண்ணிடறேன். ஆஸ்பத்திரி வேலை முடியறவரைக்கும் ஒரு அனுமதி தரச் சொல்றேன்."

அவள் கேட்டு வந்ததே அதுதான். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டோரிஸ் ஜன்னலுக்கு எதிரே நிற்கும், யாரும் தட்ட மாட்டார்கள். ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். பின் வரிசையில் ராய்ஸ், தனக்கும் வந்திருந்த அபராதச் சீட்டோடு, தன் முறைக்காகத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு அனுமதி குடுத்தா, அவருக்கும் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். "அவரும் ஆஸ்பத்திரிக்காகத்தான் அந்தத் தெருவுல நின்னாரு. என் வீட்டுக்காரர் படுக்கற விரிப்ப வெளுக்கறதே அவர்தான்."

அவருடைய வழக்கு வேறு என்றார் நீதிபதி. அவருக்கு முகவரி இல்லை.

"எனக்கும் இல்லீங்க. சவுத் டகோட்டாவுல இருக்கறது தபால் பெட்டி. ஒரு ரொட்டி வைக்கலாம் அதுல, லோவெல வைக்க முடியாது. எங்க வீடு சீடர் தெருவுல நிக்குது. எனக்கு வேற வீடு இல்ல. அப்படியே எழுதிக்கங்க."

கூடத்தில் யாரோ செருமினார்கள். சொல்வதை யோசித்துச் சொல்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். போன வருஷம் இந்தச் சட்டம் வேண்டும் என்று இதே இடத்தில் நின்று யோசிக்காமல் பேசினேன், இப்போது யோசித்துத்தான் பேசுகிறேன் என்றாள் ஆர்டிஸ். நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அபராதம். வெள்ளிக்கிழமைக்குள் வண்டியை எடுக்க வேண்டும்.

வெளியே படிக்கட்டில் ராய்ஸ் அவளைப் பிடித்தான். இந்த முறை அவனுக்குக் கோபமே வந்திருந்தது. "உங்களுக்கென்ன பைத்தியமா? குடுத்தத வாங்கிட்டுப் போக வேண்டியதுதான? நான் உங்கள எதாவது கேட்டனா?"

"கேக்கலதான்."

"அவர் ஜன்னல்ல எதைப் பாப்பாரு, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்?"

"டோரிஸத்தான்," என்றாள். ராய்ஸ் தலையை ஆட்டிக்கொண்டே போனான்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே தூறல். ஆர்டிஸ் வெயில் துணிக்கு அடியில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராதபடி லோவெலின் தொப்பியை வைத்திருந்தாள். இழுவை லாரி வந்து நின்றது. பின்னாலேயே டேட்டம். லாரிக்காரன் குனிந்து அடியில் பார்த்தான். இரும்புக் கால்கள் நான்கும் தரையில் அழுந்திக் கிடந்தன.

"இப்படியே இழுத்தா அடிப்பாகமெல்லாம் பிச்சுக்கிட்டு வந்துரும்," என்றான். "காலத் தூக்கணும். இறக்கறதுக்குப் பொத்தான் போதும், தூக்கறதுக்கு சாவி வேணும்."

டேட்டம் அவளிடம் கையை நீட்டினான். அவள் ஜன்னலைக் காட்டினாள்.

"அவர் கையில இருக்கு. போய் வாங்கிக்க."

டேட்டம் ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையணையில் ஒரு வெள்ளைத் தலை இவர்கள் பக்கமாகத் திரும்பியிருந்தது. பக்கத்தில் மாரிபெல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மேடம், என்னைய அப்படிச் செய்ய வைக்காதீங்க."

"நான் எதுவும் செய்ய வைக்கலப்பா. சட்டம்னா அது வரைக்கும் போகணும். கட்டில் வரைக்கும் போ. விரலப் பிரிச்சு எடு. இறுக்கிப் பிடிச்சிருப்பாரு, கொஞ்சம் பாத்து எடு."

அவன் புல்தரையில் நாலு எட்டு வைத்தான். பிறகு நின்றான். தூறல் அவன் தொப்பி விளிம்பிலிருந்து சொட்டியது. பின்னால் லாரிக்காரன் கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. "நான் வண்டி இழுக்கறவன். செத்துக்கிட்டிருக்கற மனுஷன்கிட்ட சாவி பிடுங்கறவன் இல்ல. வேற ஆளப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். டேட்டம் திரும்பி வந்து, அலுவலகத்தில் பேசிவிட்டு மறுபடி வருவதாகச் சொன்னான். எப்போது என்று சொல்லவில்லை.

அவன் வருவதற்குள் லோவெல் போய்விட்டான்.

பகல்தான். ஆனால் மழை கட்டி இருட்டிக்கொண்டு வந்ததால் டோரிஸின் மஞ்சள் விளக்கு கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தது. ஆர்டிஸ் கட்டிலோரத்தில் இருந்தாள். அவனோடு சேர்ந்து அவளும் ஜன்னல் வழியாக அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு இடைவெளி விட்டு வந்தது. பிறகு இடைவெளி மட்டும் இருந்தது. உடனே யாரையும் கூப்பிட அவளுக்குத் தோன்றவில்லை. வெளியே ஒரு கார் வேகமாகப் போய்த் தண்ணீரை வாரி இறைத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் விரல்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தக்கை சூடாக இருந்தது.

மறுநாள் வெயில் அடித்தது. அவள் தொப்பியை எடுத்து உள்ளே வைத்தாள். நாற்காலிகளை மடக்கினாள், துணியைச் சுருட்டினாள், பக்கச் சுவரை உள்ளே இழுத்தாள், இரும்புக் கால்களைத் தூக்கினாள். சீடர் தெருவின் இரண்டு பக்கமும் நடந்து குப்பை பொறுக்கினாள். முறையிட்டவர்கள் எந்த வீடோ, அவர்கள் வாசலிலும் பொறுக்கினாள். பின்பு வண்டியைக் கிளப்பினாள்.

அரிசோனாவுக்குப் போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆர்டிஸ் ஆற்றங்கரைக்குப் போகும் சாலையில் திரும்பினாள். பழைய மர ஆலைக்குப் பின்னால் சரளைக்கல் கொட்டிய ஒரு திடல் இருக்கிறது. அதுவும் பொது இடம்தான். தெருக்களிலிருந்து விரட்டப்பட்ட வண்டிகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தன. சில கூடாரங்களும் இருந்தன. ரொட்டிக்கடை வேனுக்குப் பக்கத்தில் டோரிஸைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பக்கச் சுவரைத் தள்ளி, துணியை விரித்து, கால்களை இறக்கி, இரண்டு நாற்காலிகளையும் ஆற்றைப் பார்க்கப் போட்டாள்.

ராய்ஸ் வேலை முடிந்து வந்தவன் தள்ளியே நின்றான். கடைசியில், லோவெலின் விரிப்புகளைத் தானே தனியாக வெளுத்ததாகச் சொன்னான். மற்றவற்றோடு கலக்கவில்லை என்றான். அவள் பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினாள். அவன் தயங்கி, நுனியில் உட்கார்ந்தான்.

"நல்லாச் சாஞ்சு உக்காரு. அது ரொம்ப நாளா வெளிய வரணும்னு காத்துக்கிட்டிருந்த நாற்காலி."

பொழுது சாய்வதற்குச் சற்று முன்னால் டேட்டம் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வருத்தம் தெரிவித்தான். மனதாரச் சொன்னான். பிறகு திடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மிஸஸ் டோலெஃப்ஸன், அன்னைக்கு உங்களுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. ஊருல எல்லாருக்கும் அது புரிஞ்சுது. இப்ப நீங்க இங்க இருக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல."

"ஆமா. ஒரு காரணமும் இல்ல," என்றாள் ஆர்டிஸ். "இங்க இருக்கற யாருக்கும் இல்ல. பொழுது சாஞ்சுது, தூங்கணும், அவ்வளவுதான். சீட்டு எழுதறதா இருந்தா எழுது. என்னுதுல இருந்து ஆரம்பி."

டேட்டம் பேனாவை எடுத்தான். முகவரி என்ன என்று கேட்டான். சீட்டில் கேட்டிருந்ததால் கேட்டான். அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கால்களை ஆற்றின் பக்கம் நீட்டினாள்.

"பாத்துக்கிட்டுத்தான நிக்கற," என்றாள். "எழுது."